கோடை விடுமுறையும் தடைக்காலமும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிடும் பருவம் என்பதால் 2001இல் 45 நாளாகத் தொடங்கிய இந்தத் தடைக்காலம் 2017இல் 61 நாளானது. பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறையும் ஏறக்குறைய இதே நாள்களில்தான் வருகிறது. ராமேஸ்வரத்தில் விடுதிகள் நிறைந்து, தேநீர்க் கடைகளில் நிற்க இடமில்லாமல் போகும் அந்த வாரங்களில், துறையில் விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வரிசையாக நிற்கும். வந்தவர்கள் அதைப் படம் எடுக்கிறார்கள். வண்ண வண்ணப் படகுகள், பின்னால் பச்சைக் கடல். படம் நன்றாகத்தான் வரும்.

அந்தப் படகில் வேலை பார்ப்பவருக்கு அது இரண்டு மாத வருமானம் நின்றுபோன நாள். அரசு தரும் தடைக்கால நிவாரணம் ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபாய். பலகை மாற்றுவது, எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவது, வர்ணம் பூசுவது எல்லாவற்றையும் முதலாளிகள் இந்த நாள்களில்தான் செய்கிறார்கள். அதற்கான கடனையும் இப்போதுதான் வாங்குகிறார்கள். விடுதியில் வறுத்து வைக்கும் சீலா மீன், தடை இல்லாத நாட்டுப்படகில் வந்ததாக இருக்கலாம். மேற்குக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் லாரி ஏறி வந்ததாகவும் இருக்கலாம். சாப்பிடுபவருக்கு அது தெரிய வழியில்லை.

அழகான கடற்கரைக்குப் போய்வருவதும் அங்கே குடியிருப்பதும் எப்படி வேறுபடுகின்றன என்று கேட்டால், பழகப் பழக அழகு கண்ணில் படாமல் போய்விடும் என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கரையில் பிறந்தவர்கள் கடலைப் பார்க்கும் அளவுக்கு வேறு யாரும் பார்ப்பதில்லை. விடிகாலையில் எழுந்ததும் தண்ணீரின் நிறத்தைப் பார்க்கிறார்கள். கலங்கியிருக்கிறதா, தெளிந்திருக்கிறதா, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, மேகம் எங்கே கட்டியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். வேறுபாடு வேறு மூன்று இடங்களில் இருக்கிறது: ஆண்டின் எந்த மாதங்களை யார் தாங்குகிறார்கள், வெறும் மணலாகத் தெரியும் இடம் யாருக்கு என்னவாக இருக்கிறது, அந்த இடத்தைப் பற்றி முடிவெடுப்பவர் யார். மூன்றாவதுதான் இன்று முக்கியம் என்று நினைக்கிறேன். ஆனால் முதல் இரண்டையும் பார்க்காமல் அது புரியாது.

மாதங்களிலிருந்து தொடங்கலாம். ராமேஸ்வரம் தீவின் தென்கிழக்கு வால் தனுஷ்கோடி. சில இடங்களில் சாலையின் இரண்டு பக்கமும் கடல் தெரியும் அளவுக்கு ஒடுங்கிய மணல்திட்டு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியாக இருப்பது பெண் கடல், ஆர்ப்பரிப்பது ஆண் கடல் என்று வருகிறவர்களிடம் சொல்வார்கள். கோடையில் போனால் கண்ணெதிரே அது உண்மைதான்: தென்மேற்குக் காற்று மன்னார்ப் பக்கத்தை அடித்துக்கொண்டிருக்கும், பாக் நீரிணைப் பக்கம் குளம்போலக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பியதும் நிலைமை தலைகீழாகிவிடும். வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கும். அங்கே குடியிருப்பவர்கள் இதற்கேற்பத் தொழிலையும் வலையையும் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். ஒரு கோடைப் பிற்பகலில் கிளம்பிவிடுபவர் அந்தக் கடலின் பாதி ஆண்டைத்தான் கொண்டுபோகிறார்.

வாடைக்காலத்தில் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். ஒன்றாம் எண், இரண்டாம் எண், மூன்றாம் எண் என்று மற்ற ஊர்க்காரர்களுக்குத் தொலைக்காட்சிச் செய்தியில் ஓடிமறையும் அந்தச் சொற்கள், தீவில் அடுப்பு எரியுமா என்பதைத் தீர்மானிப்பவை. எச்சரிக்கை நாளில் மீன்வளத்துறை கடலுக்குப் போக டோக்கன் கொடுக்காது. டோக்கன் இல்லாமல் விசைப்படகு இறங்க முடியாது. சாதாரண வாரங்களிலும் பாக் நீரிணையில் 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்கு என்று பங்கு பிரித்த ஏற்பாடு இருக்கிறது. ஆக, தடைக்காலத்தைக் கழித்து, புயல் நாள்களைக் கழித்து, வாரப் பங்கையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் விசைப்படகை நம்பிய குடும்பத்தின் ஆண்டு.

இதில் எல்லை வேறு. தனுஷ்கோடியின் கோடியான அரிச்சல்முனையில் நின்று கிழக்கே கைநீட்டி "அதோ இலங்கை" என்று காட்டுவது எல்லாரும் செய்வது; தலைமன்னார் சுமார் 30 கி.மீ. தூரம்தான். 1964 வரை அந்தத் தூரத்தைக் கடக்கக் கப்பல் இருந்தது. சென்னையிலிருந்து ரயிலில் வந்து, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போனார்கள். இன்று அந்தத் தண்ணீரில் 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் வகுத்த கோடு ஓடுகிறது. கச்சத்தீவு அந்தக் கோட்டுக்கு அப்பால் இருக்கிறது. இரவில் போன படகு திரும்பாவிட்டால் வீட்டிலிருப்பவர்கள் முதலில் கேட்பது, இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டுபோய்விட்டதா என்பதுதான். இதற்கு மறுபக்கமும் உண்டு, சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நம் விசைப்படகுகளின் இழுவைமடி தங்கள் கடலடியை வழித்துப்போகிறது என்று யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் பல ஆண்டுகளாக முறையிடுகிறார்கள். அவர்களும் கரையில் வாழும் தமிழர்கள்தான். இலங்கை உள்நாட்டுப் போர் முடிந்து கடலுக்குத் திரும்பியவர்களின் வலை நம் படகுகளால் அறுபடுகிறது. அரிச்சல்முனையில் நிற்பவருக்கு இந்த வழக்கின் எந்தப் பக்கமும் தெரியாது. தெரிவது நீலம் மட்டும்.

காத்திருப்பதைக் கடற்கரையின் இயல்பாக நம் இலக்கணம் எப்போதோ கண்டுகொண்டது. குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல் என்று வகுத்தவர்கள் நெய்தலுக்கு இரங்கலை வைத்தார்கள். கடற்கரையைப் பார்த்து மகிழும் இடமாக அல்ல, போனவர் வருவாரா என்று ஒருத்தி கரையிலிருந்து ஏங்கும் இடமாக வைத்தார்கள். இது குடியிருப்பவரின் பார்வை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் ஆண்கள் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் படகுகளில் ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. வாரக்கணக்கில் அந்த ஊர்களின் பெண்கள் தேவாலயத் திண்ணையிலும் கரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். அதே மாவட்டத்தில்தான் சூரிய உதயம் பார்க்கவும் 133 அடி வள்ளுவர் சிலையைப் பார்க்கவும் நாள்தோறும் பேருந்து பேருந்தாக மக்கள் இறங்குகிறார்கள். அவர்கள் பார்த்ததும் பொய்யில்லை. இரண்டும் ஒரே கடல்.

கடலின் குணம் தெரியாததால் வருகிறவர்களுக்கும் ஆபத்து உண்டு. 2024 மே மாதம் அதே மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் போனார்கள். கடல் சீற்றம் குறித்த எச்சரிக்கை அப்போது நடப்பில் இருந்தது. கேரளக் கரையில் கள்ளக்கடல் என்று சொல்லும் எழுச்சி அது. தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலின் கோடியில் அடித்த காற்று கிளப்பிய அலை நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே கரை ஏறும். இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். வெளியூரிலிருந்து வந்தவருக்கு அது ஆபத்தான நாள் என்று எப்படித் தெரியும்? எச்சரிக்கை அலுவலகத்திலிருந்து கரைக்கு வந்துசேர, கரையில் அதைச் சொல்ல ஓர் ஆள் நிற்க வேண்டும். சுற்றுலாத் தலம் என்று பலகை வைத்த எல்லா இடத்திலும் அந்த ஆளை வைத்தார்களா என்பதுதான் கேள்வி.

இனித் தண்ணீருக்கு வருவோம். கடலோரத்தில் குடியிருப்பவர் நாள்தோறும் நினைப்பது உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீரை. தனுஷ்கோடியில் மணலில் இடுப்பளவு பள்ளம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். பெண்கள் குனிந்து உட்கார்ந்து, கலங்கிவிடாமல் சிரட்டையால் மெல்ல மெல்ல அள்ளிக் குடத்தை நிறைப்பார்கள். ஒரு குடம் நிறைந்ததும் ஊற்று மறுபடி சுரக்கக் காத்திருக்க வேண்டும். கடலுக்குச் சில நூறு அடி தள்ளி இனிப்பான தண்ணீர் எப்படி வந்தது என்று வியக்கிறவர்கள் உண்டு. மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது, அவ்வளவுதான். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. கணக்கின் மறுபக்கம் கொடுமையானது: மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து 40 அடி உப்பு ஏறிவிடும். சிரட்டையால் அள்ளும் வரை அந்தப் படலம் தாங்கும். விடுதிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டாரில் இழுத்தால் தாங்காது. ஓர் அறையில் இரண்டு நாள் தங்குபவர் குளித்துவிட்டுப் போவார்; உவர்த்துப்போன கிணறு ஊர்க்காரருடையதாக மிஞ்சும். பிறகு லாரித் தண்ணீருக்குக் காசு கொடுப்பதும் அவர்தான்.

தனுஷ்கோடியின் கதையை எல்லாரும் அறிவார்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவு புயலில் கடல் ஏறியது. பாம்பனிலிருந்து போன ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு மூழ்கியது. ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. இடிந்த தேவாலயத்தின் பவளக்கல் சுவர், ரயில் நிலையத்தின் மிச்சம், தண்ணீர்த் தொட்டியின் தூண்கள் ஆகியவற்றைப் பார்க்கத்தான் இன்று கூட்டம் வருகிறது. 'ஆவி நகரம்' என்று காணொளிக்குத் தலைப்பு வைக்கிறார்கள். ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் குடிசைகள் இருக்கின்றன. மீனவக் குடும்பங்கள் புயலுக்குப் பிறகு திரும்பி வந்து அங்கேயே வாழ்கின்றன. பிள்ளைகள் படிக்க அரசு நடுநிலைப் பள்ளி இருக்கிறது. வாழத் தகுதியற்றது என்று கோப்பில் எழுதியதால், பல பத்தாண்டுகள் மின்கம்பியும் சாலையும் வராமல் அவர்கள் வாழ்ந்தார்கள். ஓர் ஊரை அழிந்ததாகப் பார்க்கும் பார்வை, அங்கே இருப்பவர்களை இல்லாதவர்கள் ஆக்கிவிடுகிறது. இது எனக்கு மிகவும் வலிக்கும் இடம். சங்கு விற்கும் பெண்ணிடம் பேரம் பேசிக்கொண்டே "இங்க யாரும் இல்லையாமே" என்று கேட்பவர்களைக் காணலாம்.

2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. அதற்கு முன் வேனிலும் ஜீப்பிலும் மணலையும் தண்ணீரையும் உழுதுகொண்டு போக வேண்டும்; தலைக்கு இவ்வளவு என்று வாங்கிய அந்தத் தொழில் சாலையோடு முடிந்தது. சாலை யாருக்காக வந்தது? வருகிறவர்களுக்காகத்தான் என்று சொல்லிவிட முடியாது. பிடித்த மீன் கெடுவதற்கு முன் ராமேஸ்வரம் சேருகிறது. பிரசவ வலி வந்தவளை மணலில் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. அதேசமயம் 1964க்குப் பிறகு அரை நூற்றாண்டு கேட்டும் கிடைக்காத சாலை, முனையைப் பார்க்க விரும்பும் கூட்டம் பெருகிய பிறகு கிடைத்தது என்பதையும் மறக்க முடியவில்லை. தேவை குடியிருப்பவருடையதாக இருந்தபோது அது காத்திருந்தது.

வருகிறவருக்கும் குடியிருப்பவருக்கும் உள்ள வேறுபாட்டைப் பாம்பன் ரயில் பாலத்திலும் பார்க்கலாம். 1914இன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. இடைப்பட்ட இரண்டே கால் ஆண்டும் ரயில்கள் மண்டபத்தோடு நின்றன. தூரத்திலிருந்து வந்த யாத்ரீகருக்கு அது வாழ்நாளில் ஒருமுறை கூடுதலாக ஒரு பேருந்து ஏறும் சிரமம். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கும் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கும் அது ஒவ்வொரு முறையும்.

வெறும் மணல் என்று தோன்றுவது என்ன என்பதற்குக் கரைவலையைப் பார்த்தாலே போதும். வள்ளம் ஒரு கயிற்று முனையைக் கரையில் விட்டு, வலையை அரைவட்டமாக வளைத்துப் போட்டு, மறுமுனையோடு சற்றுத் தள்ளிக் கரை சேரும். இரண்டு அணியாக ஆட்கள் கயிற்றை இடுப்பில் கொடுத்துப் பின்னோக்கி நடப்பார்கள். நடந்து நடந்து மேட்டுக்குப் போனவர் கயிற்றை விட்டுவிட்டு மறுபடி தண்ணீர் ஓரத்துக்கு வந்து பிடிப்பார். கயிற்றைச் சுருள் சுருளாக அடுக்க ஒருவர் இருப்பார். அணிகள் மெல்ல ஒன்றையொன்று நெருங்கி வரும். மணிக்கணக்கில் இழுத்த பிறகு மடி கரையேறும்போது சில நாள் சாளையும் காரலும் குதிக்கும், சில நாள் சொறியும் பாசியும்தான் வரும். எது வந்தாலும் பங்கு பிரிப்பார்கள். இதற்கு எவ்வளவு மணல் வேண்டும் என்று பாருங்கள்: இரண்டு அணிகளும் பிரிந்து நிற்க நீளம், பின்னோக்கி நடக்க அகலம், கயிறு போட இடம், வலை உலர்த்த இடம், மீன் காயவைக்க இடம். அந்த மணலில் ஒரு பெஞ்சும் ஒரு செல்ஃபி மேடையும் ஒரு வரிசை மின்விளக்கும் வைத்தால் அழகாகத்தான் இருக்கும். வலை இழுக்க முடியாது.

சென்னை நொச்சிக்குப்பத்தில் இது எல்லாருக்கும் தெரியும்படி நடந்தது. கடலுக்கும் குப்பத்துக்கும் இடையிலான மணல்மேல் இணைப்புச் சாலை போட்டார்கள். பிறகு அந்தச் சாலையோரம் மீன் விற்பது போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. மக்கள் சாலையை மறித்துப் போராடினார்கள். 2024 ஆகஸ்டில் நவீன மீன் அங்காடி திறந்தது. அங்காடியின் வசதி குறைகளை அங்கே விற்கும் பெண்கள் சொல்லட்டும். எனக்குத் தோன்றுவது வேறு. முதலில் இருந்தது குப்பமும் அதன் மணலும். சாலை பின்னால் வந்தது. இடைஞ்சல் என்ற பெயர் மட்டும் முன்னால் இருந்தவர்களுக்குக் கிடைத்தது.

மன்னார் வளைகுடாவின் பாசிப் பெண்களை இங்கே சேர்க்காமல் முடியாது. பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து காலையில் படகேறித் தீவுகளை ஒட்டிய பாறைகளில் முங்கிப் பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று பாசிக்குப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, நீந்த வசதியாகக் காலில் தட்டைக் கட்டிக்கொண்டு, சேலைக்கு மேல் ஒரு சட்டை போட்டு இறங்குகிறார்கள். 1986இல் 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து தீவில் கால்வைப்பது குற்றம். எடுக்கும் நாள்களைத் தாங்களே குறைத்துக்கொண்டு, பாசி மறுபடி முளைக்க விடும் கட்டுப்பாட்டை அவர்கள் ஏற்படுத்தினார்கள். சின்னப்பாலத்தின் லட்சுமி அதற்காக 2015இல் சீகாலஜி விருது பெற்றார். இன்று குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விட்டுச் சுற்றுலாப் பயணிகளை அழைத்துப்போகிறது. அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். பவளப்பாறையைக் கண்ணால் பார்த்த பிள்ளை அதைக் காக்க நினைக்கும். ஆனால் சீட்டு வாங்கியவர் இறங்கலாம், தலைமுறையாகப் போனவள் இறங்கக் கூடாது என்றால், தீவைக் கெடுப்பவர் யார் என்ற கேள்வியை நியாயமாகக் கேட்கவில்லை என்றுதான் பொருள். இந்தத் தொடரில் இரண்டு தீவுகள் மூழ்கியதற்குக் காரணம் பாசி எடுத்தது அல்ல. சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் பவளப்பாறையை வெட்டியது.

கரையில் இருப்பவர்களை ஒரே திரளாகப் பேசுவதும் சரியில்லை. ராமேஸ்வரத்தில் பாதிப் பிழைப்பு வருகிறவர்களை நம்பியது. கோயிலின் 22 தீர்த்தங்களிலும் வாளியால் இறைத்து ஊற்றுகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், சங்கு மாலை கோக்கிறவர்கள், விடுதியில் துணி துவைக்கிறவர்கள் எல்லாரும் அதே தீவின் மக்கள். 2020இல் கொரோனாவால் தீர்த்தமாடல் மாதக்கணக்கில் நின்றபோது அவர்கள் பட்ட பாட்டைக் கண்டவர், சுற்றுலாவே வேண்டாம் என்று பேச மாட்டார். இது நூற்றாண்டுகளாக வெளியூரார் கால்பட்டு வளர்ந்த ஊர். அதே யாத்ரீகர் கூட்டத்தின் கழிவுநீர் அக்னி தீர்த்தக் கடலில் சேர்வது பற்றிய முறையீடும் அதே ஊர்க்காரர்களுடையதுதான். இரண்டும் ஒரே வீட்டிலிருந்து வரலாம்: அண்ணன் ஆட்டோ ஓட்டுவார், தம்பி கடலுக்குப் போவார்.

வந்து பார்த்து, பிடித்துப்போய், குடியேறுகிறவர்கள் தனி வகை. கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் இப்படி வந்த வீடுகள் எத்தனையோ. முதல் ஆண்டிலேயே ஜன்னல் கம்பியில் துரு பூக்கும், ஏசியின் வெளிப்பெட்டி அரிக்கும், கதவு உப்பி மூடாது. காற்றிலுள்ள உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருவேற்றும். துரு பருத்துப் பூச்சை உடைத்துக்கொண்டு வெளியே வரும். சுனாமிக்குப் பிறகு கட்டிய தொகுப்பு வீடுகள் பல இடங்களில் கூரை பெயர்ந்து நிற்பதற்கு மட்டமான வேலையோடு இந்த உப்பும் காரணம். வார இறுதிக்கு மட்டும் வருகிறவர் ஆள் வைத்துச் சரிசெய்துகொள்வார். அவர் மதில் எழுப்பும்போது கடலுக்குப் போகும் பழைய ஒற்றையடிப் பாதை அடைபடுகிறதே, அதுதான் ஊருக்கு நட்டம். இங்கிலாந்தின் கார்ன்வாலில் செயின்ட் ஐவ்ஸ் என்ற அழகிய மீன்பிடி ஊர் இதற்கு ஒரு வழி தேடியது. விடுமுறை வீடுகள் பெருகி உள்ளூர்ப் பிள்ளைகள் வீடு வாங்க முடியாமல் போனதால், புதிதாகக் கட்டும் வீடு நிரந்தரமாகக் குடியிருப்பவருக்கே என்று 2016இல் வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். வெனிஸ் 2024இல் பகல்பொழுது வந்துபோகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. அதற்குள் அதன் பழைய நகரத்தில் குடியிருப்பவர்கள் 50,000க்கும் கீழே போயிருந்தார்கள். நமக்கு அந்த வழிகள் அப்படியே பொருந்தாது. ஆனால் முடிவை ஊர் எடுக்கலாம் என்பதற்கு அவை சான்று.

புதுச்சேரியின் கதை வேறு வகையில் பாடம். காந்தி சிலைக்கு முன்னால் மாலையில் உலவுகிறவர்களில் இளையவர்கள் பலருக்கு அங்கே கருங்கல் குவியலுக்குப் பதில் அகலமான மணல் இருந்தது தெரியாது. இந்தக் கரையில் அலை ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகிறது. 1980களின் இறுதியில் தெற்கே துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டியதும் மணல் அங்கேயே தேங்கியது. வடக்கே நகரமும் அதற்கு அப்பால் மீனவர் குப்பங்களும் கரையை இழந்தன. நகரத்தைக் காக்கக் கல்லைக் கொட்டினார்கள். அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது. 2018இல் கடலடியில் செயற்கைத் திட்டு வைத்த பிறகு தலைமைச் செயலகத்தின் எதிரே கொஞ்சம் மணல் திரும்பியது. வருகிறவர் அந்தப் புதிய மணலில் விளையாடுகிறார், விளையாடட்டும். வீட்டுச் சுவரை அலை தொடும் வடக்குக் குப்பத்துப் பெண் கேட்பது, எங்கள் மணல் எப்போது வரும் என்பது.

நகரத்தார் கடலுக்கு வந்ததால் நன்மையும் நடந்திருக்கிறது. 1970களிலிருந்து சென்னைக் கரையில் இரவெல்லாம் நடந்து பங்குனி ஆமை முட்டைகளைக் காத்தவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். அவர்கள் ஒரு மாலை வந்து போனவர்களல்ல, பருவம் தவறாமல் திரும்பி வந்தவர்கள். திரும்பத் திரும்ப வருபவருக்கும் குடியிருப்பவருக்கும் இடையிலான தூரம், முதன்முறை வருபவருக்கும் அவருக்கும் இடையிலுள்ளதைவிடக் குறைவு. உள்ளிருந்து எழுதியவர்கள் இன்னும் பெரிய உதவி செய்திருக்கிறார்கள். தோப்பில் முகமது மீரானும் ஜோ டி குருஸும் எழுதிய பிறகு, தென்கரையின் ஊர்களைக் காட்சியாக மட்டும் பார்ப்பது தமிழ் வாசகருக்குக் கடினமாகியிருக்க வேண்டும்.

முடிவெடுப்பவர் யார் என்பதற்கு வருகிறேன். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் என்ற ஏற்பாடு 1991இல் வந்தது. 2011இலும் 2019இலும் திருத்தி எழுதினார்கள். உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அதன் வரம்பு. ஊர்ப்புறத்தில் 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்றிருந்ததை, மக்கள்தொகை அடர்ந்த பகுதிகளில் 50 மீட்டராக 2019 அறிவிக்கை சுருக்கியது. கடற்கரையில் தற்காலிகச் சுற்றுலாக் குடில்களுக்கும் இடம் தந்தது. மீனவர் வீடு கட்டிக்கொள்ள இந்தச் சலுகை உதவும் என்றார்கள், ஓரளவு உதவவும் கூடும். ஆனால் 50 மீட்டருக்கு அப்பால் நிலத்தை வாங்கும் சக்தி யாரிடம் இருக்கிறது என்பது தெரிந்ததே.

வலை உலர்த்தும் இடம், படகு ஏற்றும் இடம், மீன் காயவைக்கும் இடம், பொதுக் கிணறு, கடலுக்குப் போகும் பாதை, சுடுகாடு ஆகியவை எந்த ஊருக்கு எங்கே என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்பது மீனவர் அமைப்புகளின் நெடுநாள் கோரிக்கை. வரைபடத்தில் குறிக்காத இடம் அரசுக் கோப்பில் காலி இடம். காலி இடத்தில் பூங்கா வரும், வாகன நிறுத்தம் வரும், ஒளிவிளக்கு வரும். எதிர்த்தவர் வளர்ச்சிக்கு எதிரியாவார். அந்தக் குறிப்பை ஊர்க்காரர்கள் கையால் வரைய வேண்டும். கரைவலை இழுக்கும் அகலத்தை அளவர் ஒருவர் ஒரு பகலில் வந்து அளக்க முடியாது. வாடையில் கடல் எவ்வளவு ஏறும், சோழகக் காற்றுக் காலத்தில் எவ்வளவு இறங்கும் என்று தெரிந்தவர்தான் சொல்ல முடியும். தனுஷ்கோடியில் வடகடல் மணலும் வேண்டும், தென்கடல் மணலும் வேண்டும். ஆறு மாதம் ஒன்று காலியாகக் கிடந்தாலும் அது காலி இல்லை. அடுத்த கடற்கரை அழகுபடுத்தும் திட்டத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்னால், அந்த ஊரின் வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டு ஊர்ப்பொதுக்கூட்டத்தில் வைத்து, ஆண்களோடு மீன் விற்கும் பெண்களையும் பாசி எடுக்கும் பெண்களையும் கூப்பிட்டுச் சரிபார்த்திருக்க வேண்டும். கூட்டத்தைத் தடைக்காலத்தில் வைத்தால் கடலுக்குப் போகிறவர்களில் பலர் கரையில் இருப்பார்கள்.